கருங்கல் கடையின் மூன்று சிஸ்டங்களும் விண்டோஸ் 11-உம்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரில் ஜெராக்ஸ், டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைப்பது) கடை நடத்தும் ஒரு அக்கா கேட்டிருந்தார். அவர் பொறுப்பில் மூன்று சிஸ்டம் இருக்கிறது. மூன்றிலும் விண்டோஸ் 10. ஒன்று ஐ3-8100, ஹெச்310 போர்டு. அடுத்தது ஐ5-4460, ஹெச்81 போர்டு. மூன்றாவது, பக்கத்தில் அத்தான் நடத்தும் ஹார்டுவேர் கடையில் பில் போடும் கோர் 2 டியோ இ7500, 2 ஜிபி ரேம். (ஆணியும் பெயின்ட்டும் விற்கிற ஹார்டுவேர், நம்ம ஹார்டுவேர் இல்லை.) மூன்றுக்குமே விண்டோஸ் 11 பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சர்வீஸ்காரர் மூன்றையும் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் மூன்றிலும் 11 போட்டுத் தருகிறேன், சிஸ்டத்துக்கு ஆயிரம் ரூபாய் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அக்கா, இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். ‘பொருந்தாது’ என்ற ஒரே வார்த்தைதான் மூன்றுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் காரணம் மூன்றுக்கும் வேறு வேறு. முதல் சிஸ்டத்தில் ஒரு சுவிட்ச் அணைந்து கிடக்கலாம், அல்லது ஓஎஸ்ஸைப் பழைய முறையில் போட்டிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவதை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்றாவதில் மட்டும்தான் உண்மையாகவே முடியாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சிஸ்டம் அதனால் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது என்பதுதான் விஷயம். உங்கள் கடை போன்ற இடத்தில் இது பெரிய விஷயம். காலையிலிருந்து இரவு வரை ஊரில் உள்ளவர்களின் பென்டிரைவ் எல்லாம் அந்தச் சிஸ்டத்தில்தான் செருகப்படுகிறது. அதே சிஸ்டத்தில்தான் ஆதாரும் பட்டாவும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிறது.

முதலில் ஐ3-8100. இது இன்டெல்லின் 8-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியல் இன்டெல்லில் பெரும்பாலும் இந்தத் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதாவது உங்கள் பிராசசர் பட்டியலில் இருக்கிறது. பிறகு ஏன் தடுக்கிறது? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று டிபிஎம். பாஸ்வேர்டு, சாவி போன்ற ரகசியங்களைப் பூட்டி வைக்கும் சின்னப் பெட்டகம் அது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0. உங்கள் போர்டில் இதற்குத் தனிச் சிப் வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. இன்டெல்லில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அந்தக் காலத்து அசெம்பிள்டு செட்களில் பல, இது ஆஃப் ஆன நிலையிலேயே வந்தவை. சிஸ்டத்தை ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், பிடிடி என்று எங்கே இருக்கிறது என்று தேடி ஆன் செய்யுங்கள். திரும்ப விண்டோஸுக்கு வந்து, ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் டிபிஎம்.எம்எஸ்சி என்று அடித்தால் பதிப்பு 2.0 என்று காட்டும். ஐந்து நிமிட வேலை. இதற்குத்தான் அந்த மனிதர் புது சிஸ்டம் வாங்கச் சொன்னார்.

இரண்டாவது காரணம் பழைய முறையில் ஓஎஸ் போட்டிருப்பது. போர்டு யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் ஆகத் தயாராக இருந்தாலும், போட்டவர் பழைய பழக்கத்தில் லெகசி என்ற பழைய முறையில், எம்பிஆர் என்று பழைய விதத்தில் கூறு போட்ட டிஸ்க்கில் போட்டிருப்பார். விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ, அதோடு ஜிபிடி என்று புது விதத்தில் கூறு போட்ட டிஸ்க். மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, டேட்டா அழியாது. ஆனால் அது நம்மூர் சிஸ்டங்களில் அடிக்கடி முரண்டு பிடிக்கும். டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நம்ம ஆட்களோ சி, டி, இ, எஃப் என்று நான்கு கூறு போட்டுத்தான் செட்டையே கையில் கொடுப்பார்கள். வாஸ்து மாதிரி.

அதனால் அந்தக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். அதில் யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் இப்போது இருக்கிறபடியே இரண்டாவது டிஸ்க்காக, டேட்டாவுக்கு இருக்கட்டும். புது ஓஎஸ் அதைத் தாராளமாகப் படிக்கும். சொல்லப்போனால், உங்கள் சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் புலம்புவதில் பெரும்பங்கு அந்தச் சுழலும் டிஸ்க்கால்தான். ஓஎஸ் 10-ஆ 11-ஆ என்பதைவிட எஸ்எஸ்டி இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு உடனே தெரியும் வித்தியாசம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயாஸில் சிஎஸ்எம் என்ற, பழைய பூட் முறைக்கு இடம் கொடுக்கும் சுவிட்சை ஆஃப் செய்தால்தான் முழுக்க யூஇஎஃப்ஐ ஆகும். உங்கள் சிஸ்டத்தில் யாராவது பழைய ஜிடி 210 மாதிரி கிராஃபிக்ஸ் கார்டு செருகி வைத்திருந்தால், சிஎஸ்எம்மை ஆஃப் செய்தவுடன் திரை இருண்டுவிடலாம். போர்டு போச்சு என்று பயப்பட வேண்டாம். கார்டைக் கழற்றி, மானிட்டர் வயரைப் போர்டிலேயே உள்ள பின்னில் மாட்டுங்கள். ஐ3-8100-இல் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, டிடிபிக்கு அது போதும்.

இன்னொன்று, நானே பட்ட பாடு. பல வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் நண்பனின் சிஸ்டத்துக்கு ஓஎஸ் போட்டேன். புது டிஸ்க் ஒன்று, போட்டோ இருக்கும் பழைய டிஸ்க் ஒன்று. இன்ஸ்டாலர் திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் காட்டும், எது கல்யாணம் எது காலி என்று எழுதியிருக்காது. இரண்டும் ஒரே அளவு வேறு. பேசிக்கொண்டே டெலீட் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதக் கல்யாணம் போனது. ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்துப் பாதிக்கு மேல் மீட்டோம், மீதியைப் பற்றி அவன் இன்றைக்கும் பேச்சை எடுப்பான். அன்றிலிருந்து ஓஎஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் சாட்டா கேபிளைக் கையால் கழற்றிவிட்டுத்தான் பென்டிரைவையே செருகுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வேறு யார் போட்டாலும் பக்கத்தில் நின்று கழற்றச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ஐ5-4460. உங்கள் கேள்வியின் உண்மையான சிக்கல் இதில்தான். இது 4-ஆம் தலைமுறை, பட்டியலுக்கு வெளியே. ஹெச்81 போர்டில் டிபிஎம் 2.0-வும் பெரும்பாலும் கிடைக்காது. ஆனாலும் வேலை என்று பார்த்தால், 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் இதில் விண்டோஸ் 11 நன்றாகவே ஓடும். தடுப்பது இன்ஸ்டாலரில் உள்ள ஒரு சோதனைதான். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, டிபிஎம் 1.2-ஆவது இருக்கும் பழைய சிஸ்டங்களில் அந்தச் சோதனையைத் தாண்ட ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடம்) ஒரு வழியை மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருந்தது. 2025 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டது. டிபிஎம்மே இல்லாவிட்டால் உங்கள் போர்டுக்கு அந்த வழியும் பத்தாது. ரூஃபஸ்தான் எளிய வழி.

ரூஃபஸ் இலவச மென்பொருள், பூட்டபிள் பென்டிரைவ் செய்வதற்கு. 4.6 அல்லது அதற்குப் புதிய பதிப்பு எடுங்கள். விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். பென்டிரைவ் 16 ஜிபி இருக்கட்டும். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைக் காட்டி ஸ்டார்ட் கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும். முதல் வரியில் 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 நிபந்தனைகளை நீக்கு என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதை நீக்கும் வரியும் அதே பெட்டியில் இருக்கும். கடைச் சிஸ்டத்துக்கு அதுவும் வசதி.

அப்புறம் இரண்டு வழி. புதிதாகப் போடுவது ஒன்று. இப்போதைய விண்டோஸ் 10-க்குள்ளேயே பென்டிரைவைத் திறந்து செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்து மேலே ஏறுவது இன்னொன்று. டிடிபி கடைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பேஜ்மேக்கர், போட்டோஷாப், நூற்றுக்கணக்கான தமிழ் ஃபான்ட், டாலி எல்லாவற்றையும் மறுபடி போடுவது இரண்டு நாள் வேலை. அதில் பாதிக்கு சிடியே இப்போது இருக்காது. செட்டப் ஓடும்போது அப்டேட்டை இறக்கட்டுமா என்று கேட்டால், இப்போது வேண்டாம் என்று கொடுங்கள். நடுவில், இந்தச் சிஸ்டம் தகுதி பெறாது, ஏதாவது ஆனால் தயாரிப்பாளரின் வாரன்டி பொருந்தாது என்று ஒரு எச்சரிக்கை வரலாம். உங்கள் போர்டின் வாரன்டி முடிந்தே பல வருஷம் ஆயிற்று, தைரியமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு பத்து நாள் கெடு இருக்கிறது. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய்ப் பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அந்தப் பத்து நாளில் உங்கள் கடை வேலைகள் எல்லாவற்றையும் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். எல்பிபி 2900 பிரின்ட்டரில் ஒரு பக்கம், ஸ்கேனர், ஆதார் கைரேகை மெஷின், ஜிஎஸ்டி போடும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பத்தாவது நாள் தாண்டி, மாதக் கடைசியில் டோக்கன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

இதில் நீங்கள் ஏற்க வேண்டியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், ஆயிரம் ரூபாய்க்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இது போன்ற சிஸ்டங்களுக்கும் இதுவரை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு பெரும்பாலும் தானாக வராது. அப்படி 2024-இல் வந்த 24ஹெச்2-இன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு ஆதரவு 2026 அக்டோபர் 13 வரை, 25ஹெச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரை. அதனால் போடும்போதே இருப்பதில் புதியதைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் புது ஐஎஸ்ஓவை இறக்கி, ரூஃபஸில் ஏற்றி, இதே வேலையை யாராவது கையால் செய்ய வேண்டும். அவர் ஆயிரம் ரூபாய் கேட்பது ஒரு தடவைக்கு.

வேகம் பற்றியும் ஒன்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதற்கு வேண்டிய வன்பொருள் வசதி இன்டெல்லில் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான் வருகிறது. உங்கள் ஐ5-இல் அது ஆன் ஆகியிருந்தால் மென்பொருளாலேயே அந்த வேலையைச் செய்யும், சிஸ்டம் இழுக்கும். ஆஃப் செய்தால் வேகம் வரும், பாதுகாப்பு ஒரு படி குறையும். டிடிபிக்கு மட்டும் என்றால் நான் ஆஃப் செய்வேன். பேங்க் வேலை அதில் நடக்கிறது என்றால் மாட்டேன்.

அதனால்தான் என் யோசனை இது: ஆதார், இ-சேவை, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் ஐ3-க்குப் போகட்டும். டிடிபியும் பிரின்ட்டும் ஐ5-இல் நடக்கட்டும். ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் ஐ5-இல் மட்டும் செருகுவது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

11-க்கு இப்போதே போக மனமில்லை என்றால், ஐ5-ஐ விண்டோஸ் 10-இலேயே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டோடு ஓட்ட ஒரு வழி உண்டு, இஎஸ்யு என்று பெயர். 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸில் 1000 புள்ளி கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசில்லாமலேயே சேரலாம். சிஸ்டம் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2-இல் இருக்க வேண்டும். வீட்டுச் சிஸ்டம் என்றால் இதையே முதலில் சொல்லியிருப்பேன்.

லைசென்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விண்டோஸ் 10 முறைப்படி ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே போர்டில் 11-உம் ஆக்டிவேட் ஆகும், தனிக் கீ வாங்க வேண்டாம். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ போட வேண்டும், அவ்வளவுதான். பழைய விண்டோஸ் 7 கீயை வைத்து ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். யாராவது லைட் விண்டோஸ், டைனி விண்டோஸ் என்று அவர்களே வெட்டிச் சுருக்கிய ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் எதை எடுத்தார்கள் என்பதுகூடப் பரவாயில்லை, எதைச் சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

இனி அத்தானின் கோர் 2 டியோ. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து பிராசசரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற இரண்டு கட்டளைத் தொகுதிகள் இல்லாவிட்டால் ஓஎஸ் பூட்டே ஆகாது. இன்டெல்லில் இவை வந்தது முதல் தலைமுறை கோர் ஐ வரிசையில். கோர் 2 டியோவில் எஸ்எஸ்இ4.1-ஓடு நிற்கிறது. ரூஃபஸில் எத்தனை டிக் போட்டாலும் சிலிக்கானில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. இதிலும் போட்டுத் தருகிறேன் என்றவர், ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்பு எதையாவது போட்டுவிட்டுப் போவார். அதற்கு இப்போதிருக்கும் 10-ஏ மேல்.

அதோடு அத்தானின் பில் மென்பொருள் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கறுப்புத் திரை மென்பொருள் என்று சொல்லியிருந்தீர்கள். அது டாஸ் காலத்து 16-பிட். 32-பிட் விண்டோஸில் ஓடும், 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. ஆக நாளைக்கே புது சிஸ்டம் வாங்கினாலும் அத்தானின் பில் அதில் நேரடியாக வராது. இது தெரியாமல் சிஸ்டத்தை மாற்றிவிட்டு, சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கும்போது கையால் பில் எழுதிய கடைகளை மார்த்தாண்டத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சிஸ்டத்தை அப்படியே விடுங்கள், ஆனால் நெட்டைத் துண்டித்துவிடுங்கள். லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் பிடுங்குங்கள். பில் போடவும் டாட் மேட்ரிக்ஸில் அடிக்கவும் நெட் தேவையில்லை. ஃபாக்ஸ்புரோ ஃபோல்டரை வாரம் ஒருமுறை, அதற்கென்றே வைத்த ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். அந்தப் பென்டிரைவ் உங்கள் ஐ5 பக்கம் போகக்கூடாது. நிதானமாக, அடுத்த கணக்கு வருஷத்துக்குள், புது பில் மென்பொருளுக்கு மாறலாம்.

அதில் நெட்டும் வேண்டும் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் போடலாம், 4 ஜிபி ஆக்கினால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஃபாக்ஸ்புரோவை அதில் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற, டாஸ் மென்பொருள்களை ஓட்டும் மென்பொருள் வழியாக ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ் என்றதும் கடினம் என்று அத்தான் சொல்வார். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால், கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதே உபுண்டுவை வைத்துச் செய்த லினக்ஸில்தான். ஆனால் உங்கள் கடைக்கு நான் லினக்ஸ் சொல்ல மாட்டேன். எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைப்பதற்குள் தலை நரைத்துவிடும். கைரேகை மெஷினுக்கும் டோக்கனுக்கும் விண்டோஸ்தான் சௌகரியம்.

வேலையைத் தொடங்கும் முன் இன்னும் இரண்டு மூன்று. சிபியுவைத் திறந்ததும் வட்ட பேட்டரி, சிஆர்2032, அதை மாற்றிவிடுங்கள். பத்து வருஷம் ஆன பேட்டரி தேதியை மறந்துவிடும். தேதி தப்பானால் வெப்சைட் திறக்காது, அப்டேட் வராது, நீங்கள் விண்டோஸ் 11-ஐத் திட்டுவீர்கள். ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் கால்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடைகளில் நான் திறக்கும் சிஸ்டங்களில் திருகாணியே துருப்பிடித்து உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். கருங்கலில் அவ்வளவு இருக்காது, ஆனாலும் செய்துவிடுங்கள். இன்ஸ்டால் பாதியில் ரேம் காலை வாரினால் முழுவதும் முதலிலிருந்து.

யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள். ஐப்பசியில் செய்வதென்றால் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கினால் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டேட்டா பேக்கப் எடுக்கும்போது டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்களை மறக்க வேண்டாம், கடைகளில் பாதி ஆவணம் அங்கேதான் இருக்கும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் டாலி டேட்டாவையும் தனியாக எடுத்து வையுங்கள்.

முதலில் ஐ3-ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியுங்கள். அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு ஐ5-ஐத் தொடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்து பூட் ஆக ஜிகாபைட் போர்டில் எஃப்12, ஏசூஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11. வேறு போர்டு என்றால் மேலே அச்சடித்திருக்கும் பெயரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.